ஏரிக்கரையில் கூடாரம் எதற்கு?

எங்காவது ஒரு மலையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றுவிட்டால் போதும், நம் ஆட்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. முதலில் படகு வரும். பிறகு பஜ்ஜிக்கடை. பிறகு போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு சிமெண்டு யானை. இப்போது புதிதாக இரண்டு சேர்ந்திருக்கின்றன. கரையில் கூடாரம், தண்ணீரில் கயாக். கயாக் என்றால் ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் துடுப்பு வைத்த கோலால் தள்ளிக்கொண்டு போகும் ஒல்லிப் படகு. பேரன் பேத்தியின் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பனி மூடிய ஏரி, நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகு, பின்னால் காடு, காதுக்கு ஒரு கிதார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம் காலை நடைக் கூட்டத்திலும் இப்போது இதே பேச்சு. "அண்ணே, கல்வராயன் மலை நம்ம பக்கத்துலயே இருக்கு. கரியாலூர் ஏரியில இன்னும் ஓட்டைப் படகையே மிதிச்சிக்கிட்டிருக்கோம். சுத்தி டென்ட் போட்டு, கயாக் விட்டு, ராத்திரி கேம்ப் ஃபயர்னு வச்சா ஜனம் குவியும். அந்த ஊரும் பொழைக்கும்" என்றார் ஒரு நண்பர். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. நடந்துகொண்டே மூச்சு வாங்க வாங்க முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் நாளைக் காலை நேரிலேயே திட்டலாம்.

முதலில் ஒன்று. மலைக்காட்டு ஏரி வேறு, நம் வெலிங்டன் ஏரி, வீராணம் ஏரி வேறு. நம் ஏரிகளுக்குக் கரை உண்டு, மதகு உண்டு, ஆயக்கட்டு உண்டு, சுற்றிலும் ஊர் உண்டு. காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கும் ஆயக்கட்டுதாரர்கள் உண்டு. அவர்கள் நான்கு காலில் வருவார்கள்.

தேக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தது 1895-இல். பள்ளத்தாக்கில் நின்ற மரங்கள் தண்ணீரில் மூழ்கிப்போயின. அந்த மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னமும் ஏரிக்கு நடுவே கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நூற்று முப்பது வருஷமாக இற்றுப்போகாத கட்டைகள். அவற்றின் மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, ஓரத்தில் இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் ஓடைகள் வற்றி, மூங்கிலும் காய்ந்து கிடக்கும் மாதங்களில் யானையும் காட்டுமாடும் மிளாவும் அந்தப் புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் இறங்கி வரும். செந்நாய்க் கூட்டம் துரத்தினால் மிளா தப்பிக்கத் தண்ணீருக்குள்ளேயே பாய்ந்துவிடும். நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக மீன் பிடிக்கும். ஒரு பெரிய யானைக்கு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நம் வீட்டுக் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் நகராட்சிக்கு எத்தனை போன் போடுகிறோம்! அது யாருக்குப் போன் போடும்?

ஆக, நாம் கூடாரம் அடிக்க ஆசைப்படும் அந்தப் பச்சைப் புல்தரைதான் அவற்றின் பந்தி. பந்தியில் இலை போட்டிருக்கும் இடத்தில் பாயை விரித்துப் படுப்பேன் என்பவனை நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன செய்வோம்?

சரி, பார்க்கவே கூடாதா என்பீர்கள். பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் என் சண்டை. தேக்கடியில் நானும் படகில் போயிருக்கிறேன். எதிர்க்கரையில் குட்டியோடு இரண்டு யானை. உடனே படகு முழுக்க "யானை! யானை! டேய் அங்க பார்றா!" என்று ஒரே கூச்சல். விசில் வேறு. யானை தலையைத் தூக்கிப் பார்த்தது. குட்டியை உள்பக்கம் தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. ஐந்து நிமிஷம் பார்த்திருக்கக்கூடிய காட்சி அரை நிமிஷத்தில் முடிந்தது. இறங்கும்போது ஒருவர் சலித்துக்கொண்டார், "குடுத்த காசுக்கு ஒண்ணுமே இல்ல" என்று.

அந்த ஏரியில் இதைவிடப் பெரிய கொடுமை நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர் 30, மாலை நேரம். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு. தண்ணீரில் இறக்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. எண்பது பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். கரையில் காட்டுமாடுகள் தெரிகின்றன என்று எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், படகு கவிழ்ந்தது என்றுதான் அன்றைக்குச் செய்தி வந்தது. படகின் வடிவமைப்பிலேயே கோளாறு என்ற பேச்சும் பின்னால் வந்தது. எது எப்படியோ, 45 பேர் போய்விட்டார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. மொட்டைக் கட்டைகள் நிற்கும் ஆழமான குளிர்ந்த தண்ணீர் அது. நீச்சல் தெரிந்தவனுக்கே திணறும். படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கி, கழுத்து வரை கட்டச் சொல்வதெல்லாம் இதற்குப் பிறகு வந்த ஞானம்.

"அது டீசல் படகு. கயாக் அப்படி இல்லையே, சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் கசியாது" என்று ஒரு வாதம் வரும். படித்த பிள்ளைகள் வைக்கும் வாதம், அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். புகையும் எண்ணெயும் இல்லை என்பது உண்மை. ஆனால் டீசல் படகு ஒரே தடத்தில் போகும், ஒரே தடத்தில் திரும்பும். தூரத்திலிருந்தே இரைச்சல் கேட்கும். காட்டு மிருகத்துக்கு அது பழகிவிடுகிறது. டவுன் பஸ் போல அது பாட்டுக்குப் போய்விட்டு வரும் என்று தெரிந்துகொள்கிறது. கயாக்குக்குத் தடம் கிடையாது. அரையடித் தண்ணீர் இருந்தால் போதும், நாணல் புதருக்குள்ளும் ஓடைவாய்க்குள்ளும் நுழைந்துவிடும். பறவை கூடு கட்டியிருக்கும் இடமும், நீர்நாய் குட்டி வைத்திருக்கும் கரையும் அதே மூலைமுடுக்குகள்தான். சத்தமில்லாமல் போய்ப் பத்தடியில் திடீரென்று நின்றால் அவற்றுக்கு எப்படி இருக்கும்? பூனை மாதிரி வருபவனைத்தான் எந்தப் பிராணியும் எதிரியாக நினைக்கும். பறவை பதறி எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் காயும், இல்லை காக்கை கொத்தும். யானை பதறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, கயாக்கில் பின்னோக்கி வேகமாக ஓட முடியாது.

கூடாரத்துக்கு வருகிறேன். இதில் 2021 ஜனவரியை யாரும் மறக்கக்கூடாது. மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் துணியை வீசினார்கள். அது காதில் ஒட்டிக்கொண்டு எரிய, யானை ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. அந்த யானை ஜனவரி 19-ஆம் தேதி செத்தது. லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தொட்டுக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுதாரே, அந்த வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். அதற்கு நான்கே நாள் கழித்து, ஜனவரி 23 இரவு, பக்கத்து வயநாட்டில் மேப்பாடி அருகே ஒரு விடுதி காட்டோரம் போட்டிருந்த கூடாரத்தில் தங்கிய இளம் ஆசிரியை ஒருவரை யானை அடித்துக் கொன்றது. ஒரே வாரம். ஒரு இடத்தில் மனிதன் யானையைக் கொன்றான், இன்னொரு இடத்தில் யானை மனிதரைக் கொன்றது. இரண்டிலும் காசு வாங்கிக்கொண்டு ஆளைக் காட்டோரம் படுக்க வைக்கும் வியாபாரம் இருந்தது. இத்தனைக்கும் மூன்று மாதம் முன்னால்தான், 2020 அக்டோபரில், சீகூர் யானை வழித்தடத்திலிருந்து விடுதிகளை அகற்றச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

கூடாரம் என்றால் ஒரு துணிதானே என்று நினைக்காதீர்கள். ஐம்பது கூடாரம் போட்டால் ஐம்பது பேருக்குச் சமையல். மீந்த பிரியாணியும் எலும்பும் எங்கே போகும்? காட்டுப்பன்றி வரும். கரடி வரும். குரங்கு வந்தால் திரும்பிப் போகவே போகாது. வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர். கேம்ப் ஃபயருக்கு விறகு, அதுவும் அதே காட்டிலிருந்து. காய்ந்த புல்வெளியில் நெருப்பு என்ன செய்யும் என்பதைக் குரங்கணி சொல்லிக்கொடுத்தது. 2018 மார்ச் 11. காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் கூட்டத்தில் மொத்தம் 23 பேர் இறந்தார்கள், பாதிப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் துடித்து. அந்தத் தீயை வைத்தது கூடாரக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கோடைப் புல்லில் ஒரு பொறி போதும் என்பதற்காகச் சொல்கிறேன். கடைசியாகப் பாட்டில். குடித்துவிட்டு வீசிய பாட்டில் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால், சீழ் பிடித்து அணு அணுவாகச் சாகும். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மனதில் வைத்து எழுதியது அது. படிக்காதவர்கள் பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"அப்போ மலைஜனங்க எப்படிப் பிழைப்பாங்க?" இது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. ஆனால் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மலைஜனங்கள் இல்லை, கீழே இருந்து மனை வாங்கப் போகிறவர்கள். டென்ட் முதலாளி கீழிருந்து வருவார், கயாக் வெளியூரிலிருந்து வரும், முன்பதிவு பெங்களூரில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நடக்கும். கல்வராயன் மலைக்காரருக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவுகிற வேலை.

இதற்கும் பதில் தேக்கடியிலேயே இருக்கிறது. அங்கே காட்டுக்குள் பட்டை மரத்தை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் மேல் வழக்கு மேல் வழக்கு. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, காட்டுக்கு வழிகாட்டிகளாக மாற்றியது. காட்டில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மன்னான், பளியர் சமூகத்து ஆட்களும் இதில் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றாத மூங்கில் தெப்பம், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், நாலைந்து வழிகாட்டிகள். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் தெப்பம். காட்டுக்குள் இரவு தங்கும் நடைகூட உண்டு, விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். பேசாதே என்றால் பேசக்கூடாது. திரும்பு என்றால் திரும்ப வேண்டும். கூடாரமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்தவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். எத்தனை பேர், எங்கே, யார் சொல்படி என்பதுதான் கேள்வி. நம் அரசும் 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்து, முன்பதிவு முறை வைத்திருக்கிறது. அது எவ்வளவு நாள் ஒழுங்காக நடக்கிறது என்று பார்ப்போம். யோசனை சரியானது.

நம்மூரில் பீங்கான் பட்டறைகளில் ஃப்யூஸ் கட்டை செய்து ஊரெல்லாம் அனுப்பியவர்கள் நாம். லைனில் தாங்காத லோடு ஏறினால் ஃப்யூஸ் போகும். போக வேண்டும், அதற்காகத்தான் அது. போகாமலிருக்கக் கம்பியை மொத்தமாகச் சுற்றிவைக்கிற ஆளை எலக்ட்ரீஷியன் என்று சொல்ல மாட்டோம். மலை ஏரிகளுக்கும் ஒரு ஃப்யூஸ் வேண்டும் என்கிறேன். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது டீக்கடையில் எவ்வளவு திட்டு! "நம்ம நாட்டுல ஒரு ஊருக்குப் போக நமக்கே பாஸா?" என்று. ஊட்டி ஏரியை சல்லிவன் வெட்டியது 1820-களில். கொடைக்கானல் ஏரியை லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். வெள்ளைக்காரன் விட்ட படகுக்குப் பின்னாலேயே லாட்ஜும் ஹோட்டலும் கழிவுநீரும் வந்து சேர்ந்ததை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. தேனிலவுக்குப் போனபோது பார்த்த ஊட்டி ஏரியையும் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு போனபோது பார்த்த ஊட்டி ஏரியையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்தாமல் சொல்லுங்கள்.

இனி நம் கல்வராயனுக்கு வருவோம். "தேக்கடியும் கரியாலூரும் ஒண்ணா? இங்க யானைக் கூட்டமா மேயுது?" என்று நண்பர் மடக்கினார். யானைக்கூட்டம் இல்லைதான். கரடி இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது, மான் இருக்கிறது. யானை இல்லாவிட்டால் அது காடில்லை என்று யார் சொன்னது? அங்கே இப்போது ஓடும் நான்கு மிதிபடகை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைகள் ஏறிவிட்டுப் போகட்டும். சுற்றிலும் கூடாரமும் இரவுக் கூத்தும் வேண்டாம் என்கிறேன்.

இதில் நமக்கு நேரடி வழக்கு ஒன்றும் இருக்கிறது. பழமலைநாதர் கோயில் ஓரமாக ஓடும், அதாவது ஓட வேண்டிய, மணிமுக்தா ஆறு எங்கே பிறக்கிறது? அதே கல்வராயன் மலையில்தான். கோமுகியும் அங்கிருந்து இறங்கி வந்துதான் அதில் சேர்கிறது. மேலே காடும் புல்லும் பஞ்சு மாதிரி மழையைக் குடித்துவைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டால்தான் கீழே ஆற்றில் மழை நின்றபிறகும் தண்ணீர் இருக்கும். நாம் சிறுவயதில் மாசி மகத்துக்கு முங்கிக் குளித்த ஆறு இன்றைக்குப் பெரும்பாலான மாதங்கள் மணலும் சாக்கடையும். சுந்தரர் இந்த ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது நம்மூர்த் தலக்கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறாயே என்ற பழமொழிக்கு நாமே சொந்தக்காரர்கள். அவருக்குச் சிவபெருமான் கியாரண்டி கொடுத்திருந்தார், கிடைத்தது. மலையில் தண்ணீரைத் தொலைத்துவிட்டு ஊரில் ஆயிரமடி போர் போட்டுத் தேடும் நமக்கு யார் கியாரண்டி?

துடுப்புப் போட்டே ஆக வேண்டும் என்று கை அரிக்கிறவர்களுக்குப் பிச்சாவரம் இருக்கிறது. நம் மாவட்டம். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு. சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் துடுப்புப் படகில் கூட்டிப்போக அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். எந்த வாய்க்காலில் போகலாம், எதில் போகக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். பேரனை அழைத்துப் போங்கள். ஆசை தீரட்டும்.

நம் வயதுக்காரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இளவட்டத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் மலைக்கு வேன் பிடித்துக்கொண்டு போய், கொண்டை ஊசி வளைவு வளைவாகக் குத்துப்பாட்டு அலறவிட்டு, வியூ பாயிண்ட்டில் புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்குக்கு வீசிவிட்டு வருவது யார்? ரிட்டயர்டு ஆட்கள் கூட்டம்தான். நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். பென்ஷன் வாங்குகிறோம், வீட்டில் மரியாதை இருக்கிறது, நாம் வாயைத் திறந்து "பாட்டை நிறுத்துப்பா" என்றால் டிரைவர் நிறுத்துவான்.

பேரிஜம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடைக்கானலுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஏரி. பெரியகுளத்துக்காரர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. படகு கிடையாது. கூடாரம் கிடையாது. இரவு தங்க முடியாது. வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி, கணக்காக விடும் வண்டிகளில் ஒன்றாகப் போய், சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். யானைக் கூட்டம் ஏரிப் பக்கம் வந்துவிட்டால், அது போகும்வரை நாள்கணக்கில் சாலையையே மூடிவிடுவார்கள். நான் சொன்ன ஃப்யூஸ் இதுதான். மூடியிருக்கும் நாளில் போய்ச் சேர்ந்த சுற்றுலாக்காரர்கள் செக்போஸ்ட்டில் கத்துவார்கள், "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ரெண்டு நிமிஷம் விடுங்க சார்" என்று. அந்தக் காவலர் விடமாட்டார்.

நம்மூர் ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் கொடை ரோட்டில் இறங்கலாம், அங்கிருந்து மலைக்கு வண்டி இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒருமுறை போய்வாருங்கள். ஸ்வெட்டரும் தெர்மாஸும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிளம்பும் முன் பேரிஜம் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.